நான் இறங்காத ஸ்டேஷன்

சூலூர்ப்பேட்டை ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட்டைப் பார்த்தபடி ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. பங்குனி மாத வெயில். காலை பத்து மணிக்கே பெஞ்சு சுட்டது. நான் அதில் உட்கார்ந்து தண்டவாளத்துக்கு நடுவில் கிடந்த ஜல்லிக் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்த பாசஞ்சர் வண்டி இன்னும் கிளம்பவில்லை. பெண்கள் பெட்டியிலிருந்து கடைசி ஆளாக ஒருத்தி இறங்கினாள். கத்திரிப்பூ நிறச் சேலை. கையில் ஒயர்க்கூடை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு நேராக என்னை நோக்கி நடந்து வந்தாள்.

என் மனைவி எஸ்தர். அந்த நேரத்துக்கு அவள் பொன்னேரியில் வீட்டில் இருந்திருக்க வேண்டும். நான் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலையில் இருந்திருக்க வேண்டும். சூலூர்ப்பேட்டையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வேலையும் கிடையாது.

பக்கத்தில் வந்து நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. சத்தம் போடவில்லை. பெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"இந்த வெயில்ல குந்திக்கினு கீறியே மாமா. அந்தாண்ட வேப்பமரம் கீது பாரு, அங்க போலாம் வா" என்றாள்.

போன வாரம் இந்தத் தொடரில், நாங்கள் நாற்று நட்ட கழனிகளின் பக்கம் தொழிற்சாலைகள் வந்த கதையையும், நானும் என் தம்பியும் ஒரே கேட்டுக்குள் வேலைக்கு நுழைந்த கதையையும் எழுதியிருந்தேன். "அப்புறம் உங்கள் தம்பி என்ன ஆனார்?" என்று சிலர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கேட்பார்கள் என்று தெரியும். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது தடவை.

லாரி வேண்டாம்

ராஜு எனக்கு ஒன்பது வயது இளையவன். ஞானஸ்நானப் பெயர் ஜெயராஜ். அந்தப் பெயரில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

அப்பா கழனியில் பாம்பு கடித்து இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. அறுபதுகளின் தொடக்கம் அது. அம்மா நாலாம் நாள் நடவுக்குப் போய்விட்டாள். அழுது நான் பார்த்த ஞாபகமில்லை. வரப்பில் நின்றபடி, "நாத்து காஞ்சிப் போவுது, குந்திக்கினு இருந்தா ஆவுமா?" என்று மற்ற பெண்களிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. ராஜுவை நான்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இடுப்பில் தூக்கும் வயதில்லை அவனுக்கு. ஆனாலும் இறங்க மாட்டேன் என்பான்.

இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பான். ஆரணி ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற மாடு திரும்பிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் அமைதியாக வெளியே வரும்போது, கோயில் வாசலிலேயே ஒரு தரம் அடித்துவிட்டான். பாதிரியார் ஐயா திட்டவில்லை. "எனக்கும் சொல்லிக் கொடுடா" என்றார்.

அவனுக்கு லாரி ஓட்ட வேண்டும் என்று ஆசை. கவரைப்பேட்டை ரோட்டில் ஆந்திரா லாரிகள் நிற்கும் இடத்தில் போய்க் கிளீனர்களோடு பேசிக்கொண்டிருப்பான். எனக்குப் பயம். லாரி என்றால் ஆபத்து, தொழிற்சாலை என்றால் மேலே கூரை இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் இருக்கிறது என்று நினைத்தேன். நான் அங்கே எலக்ட்ரீஷியன். மேனேஜர் முன்னால் மூன்று தடவை போய் நின்றேன். ராஜுவுக்குக் கிரேன் பகுதியில் ஹெல்ப்பர் வேலை கிடைத்தது.

"லாரி வேணாம்னு சொல்லி என்னெ இங்க கொண்டாந்து உட்டியே அண்ணாத்தே, இந்தக் கிரேனையாவது ஓட்டக் கத்துக் குடுக்கச் சொல்லு" என்பான். இன்னும் ஒரு வருடம் இருந்திருந்தால் ஓட்டவும் கற்றுக்கொண்டிருப்பான்.

மழை

அது ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. எங்கள் பட்டறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை கொட்டினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது.

அந்தக் காலத்தில் கரண்ட் போவதும் வருவதும் சாதாரணம். போனால் நான் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பேன். வந்ததும் "கரண்ட் வருது" என்று மூன்று முறை குரல் கொடுத்துவிட்டுக் கைப்பிடியை மேலே தூக்குவேன். அதுதான் பழக்கம். அதற்கு மேல் ஒரு ஏற்பாடும் கிடையாது.

கிரேனுக்குக் கரண்ட் கொடுக்கிற கம்பிகள் சுவரோரமாக, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஓடும். உறை இல்லாத வெறும் கம்பிகள். அன்று காலை ராஜு மேலே கிரேன் சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டிருக்கிறான். கிரீஸ் டப்பாவை அங்கேயே மறந்து விட்டு இறங்கிவிட்டான். கரண்ட் போன நேரத்தில், போர்மேன் பார்ப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் ஏறியிருக்கிறான்.

நான் கைப்பிடியைத் தூக்கினேன்.

இதற்கு மேல் அந்த நிமிடத்தைப் பற்றி எழுத மாட்டேன். அவனுக்கு இருபத்தொரு வயது.

வராத ஞாபகம்

பத்து நாளில் வேலைக்குத் திரும்பினேன். எல்லாரும் என்னிடம் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. விசாரணை நடந்தது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை, எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டேன்.

எனக்குள் ஒரே ஒரு கேள்விதான். நான் குரல் கொடுத்தேனா?

எவ்வளவு யோசித்தாலும் என் குரல் என் காதில் விழவில்லை. கைப்பிடியின் குளிர்ச்சி நினைவிருந்தது. மழைச் சத்தம் நினைவிருந்தது. என் குரல் மட்டும் இல்லை. அப்படியென்றால் நான் கத்தவில்லை. கத்தாமல் தூக்கிவிட்டேன். நான்தான் கொன்றேன்.

மார்கழி வாக்கில் வேலையில் ஒரு மாற்றம் வந்தது. கரண்ட் வந்தால் நான் கைப்பிடியைத் தொடாமல் ஓடிப்போய் ஏணியில் ஏறி மேலே பார்ப்பேன். இறங்குவேன். மறுபடி சந்தேகம் வரும். மறுபடி ஏறுவேன். தொண்டை கிழியக் கத்துவேன். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்கள். போர்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

வீட்டில் விளக்கு ஸ்விட்சைக்கூட எஸ்தரைப் போடச் சொன்னேன். சோறு மண்ணாக இருந்தது. தூக்கம் இரண்டு மணி நேரம். யாராவது விசிலடித்தால் வியர்த்துப்போகும்.

பங்குனியில் ஒரு காலை. வண்டி கும்மிடிப்பூண்டியில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது. எளாவூர், ஆரம்பாக்கம், தடா. கடைசியில் சூலூர்ப்பேட்டையில் இறங்கினேன். சாயங்கால வண்டியில், வேலை முடிந்து வருகிறவனைப் போல வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

வேப்பமரத்தடி

விஷயம் எப்படி வெளியே வந்தது என்றால், முனிரத்தினத்தால். அவன் என்னோடு வேலை செய்தவன். ஆரம்பாக்கத்துக்காரன். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வெளியே போயிருந்த நேரத்தில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான்.

"அண்ணன் ஒடம்பு எப்டி கீது தங்கச்சி? ரெண்டு வாரத்துக்கு மேல வேலைக்கு வரலியே, பேஜாரா கீது."

எஸ்தர் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை வழக்கம் போலச் சோறு கட்டிக் கொடுத்தாள். நான் தெருமுனை தாண்டியதும் வீட்டை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்து அதே வண்டியில் ஏறிவிட்டாள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

"எத்தினி நாளா இங்க வர்ற?"

"பதினெட்டு நாளா."

"தெனைக்கும் கட்டிக் குடுத்த சோறு?"

"நாய்க்குப் போட்டுட்டேன்."

பிளாட்பாரத்தில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. எஸ்தர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதான் இந்த ஊரு நாயி இம்மாம் கொழுத்துக் கீது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்தது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. எஸ்தர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். மூக்கையும் சேர்த்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதைப் போல.

"இங்க வந்து இன்னா பண்ணுவ நாள் முச்சூடும்?"

"கல்லைப் பாத்துக்கினு இருப்பேன்."

"கல்லை மட்டுந்தானா?"

அந்த ஸ்டேஷனில் நிற்காமல் போகும் மெயில் வண்டி ஒன்று உண்டு. அது வருகிற நேரம் எனக்கு மனப்பாடம். எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள், தண்டவாளத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

என் சட்டையின் கீழ் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். சோறு சாப்பிடும்போது விடவில்லை. சாயங்கால வண்டியில் ஏறும்போது விடவில்லை. ஆண்கள் நிறைந்த பெட்டியில் எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பொன்னேரி வரும் வரைக்கும் பிடித்த பிடி அப்படியே இருந்தது.

எழுந்திரு மாமா

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒருவர் இருக்கிறார், மந்திரிப்பார் என்று தெருவில் சொன்னார்கள். நாங்கள் வேதக்காரர்கள், அங்கெல்லாம் போகக்கூடாது. ஆனால் உயிர் என்று வரும்போது எல்லா வாசலும் ஒன்றுதான். போனோம்.

அவர் மிளகாயை நெருப்பில் போட்டார். என்னைச் சுற்றி வந்தார். "தம்பி புடிச்சிக்கினு கீறான். உட மாட்டேங்கிறான்" என்றார்.

நான் அதுவரை வாயே திறக்கவில்லை. அப்போது சொன்னேன். "எந்தம்பி என்னெப் புடிச்சிக்கினு இருந்தா இருந்துட்டுப் போவட்டுங்க. தொரத்தாதீங்க."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "எழுந்திரு மாமா, போலாம்" என்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதும் என் சட்டை ஓரம் அவள் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவளாகவே தொழிலாளர் டிஸ்பென்சரிக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கிருந்த டாக்டர் நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். எஸ்தர் நடந்ததை எல்லாம் சொன்னாள். மெயில் வண்டியைப் பற்றியும் சொன்னாள். நான் சொல்லாததை அவள் சொன்னாள். அவர் ஒரு கடிதம் எழுதினார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவுக்கு.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பேரு எதுவா இருந்தா இன்னா அத்தே, ஆளு வேணும்ல நமக்கு" என்றாள் எஸ்தர்.

எனக்கு இன்னொரு பயம். அங்கே தலையில் கரண்ட் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"எலக்ட்ரீஷியன் சார்."

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு அது இப்போ தேவையில்லை" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், வாய் உலரும், அதற்காக நிறுத்திவிடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். மாத்திரைகளை எஸ்தர்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

வாய் உலர்ந்தது. தூக்கமும் வந்தது. முதல் முறையாக விடிய விடியத் தூங்கி எழுந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தம்பி செத்துக் கிடக்கும்போது தூங்குகிறோமே என்று.

காலையில் என்ன சாப்பிட்டீங்க?

சனிக்கிழமை தோறும் அங்கே ஒரு அறையில் ஒரு அம்மாவைப் பார்க்க வேண்டும். டாக்டர் இல்லை. நோயாளிகளோடு பேசுவதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். பேசுவதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். நரைத்த தலை, காட்டன் சேலை, மேசையில் ஒரு கூஜா தண்ணீர்.

"அன்னைக்கு நடந்ததை, காலைல எழுந்ததுலேருந்து சொல்லுங்க. அவசரம் இல்ல" என்றார்.

"கைப்பிடியைத் தூக்கினேங்க."

"அதுக்கு இன்னும் நேரமிருக்கு. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. தம்பியைக் கொன்றவனிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார்களே என்று. பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் போக மாட்டேன் என்றேன். எஸ்தர் விடவில்லை. அடுத்த வாரமும் அதே கேள்வி. அன்று சொன்னேன். பழைய சோறு. இல்லை, பழைய சோறு வேண்டாம் என்று அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ராஜு என் கஞ்சியில் உப்பு அதிகம் போட்டுவிட்டு ஓடினான்.

இப்படியே நாலு சனிக்கிழமை. நான் கைப்பிடிக்குத் தாவுவேன், அவர் என்னை மெதுவாகப் பின்னால் இழுத்து வந்து வேறு எங்காவது நிறுத்துவார். ரயிலில் எங்கே உட்கார்ந்தீர்கள்? குடை இருந்ததா? ராஜு என்ன பேசினான்? அவன் பேசியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மாதக்கணக்காக எனக்குள் செத்துக்கொண்டே இருந்தவன், அந்த அறையில் என் பக்கத்தில் நனைந்தபடி நடந்து வந்தான்.

ஐந்தாவது வாரம்.

"அம்மா எதுக்குப் பழைய சோறு வேணாம்னு கஞ்சி வெச்சாங்க?"

"தொண்டை கட்டிக்கிச்சுங்க எனக்கு. மழைல நனைஞ்சு. பேச்சே வரல."

அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"பேச்சே வரலன்னா, அன்னைக்கு ஸ்விட்ச்கிட்ட யார் குரல் குடுக்கிறதா இருந்தது?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ வருவது போல இருந்தது. பிடிபடவில்லை.

கும்மிடிப்பூண்டி

இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை எஸ்தரையும் கூட்டிக்கொண்டு வண்டி ஏறினேன். கும்மிடிப்பூண்டி வந்தது. அவள் முன்னால் இறங்கி நின்று கையை நீட்டினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இறங்கு மாமா, வண்டி போய்டும்" என்றாள். இறங்கினேன்.

ஷிப்ட் முடிந்து முனிரத்தினம் வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"முனி, அன்னிக்கு நான் குரல் குடுத்தேனா?"

அவன் சைக்கிளை ஸ்டேண்டு போட்டான். அது நிற்கவில்லை, சாய்ந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"நீ எங்க அண்ணே குடுத்த? உனக்குத்தான் தொண்டை கட்டிக்கினு இருந்துச்சே. 'நீ கத்துடா'ன்னு கையைக் காட்டின. நான்தான் கத்தினேன். மூணு தபா கத்தினேன்."

அப்போது வந்தது எனக்கு. அவன் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் அசைந்தது, மழைச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகக் கேட்டது.

"மேலப் பாத்துக் கத்தல அண்ணே" என்றான். "நேராப் பாத்துக் கத்திட்டேன். மேலப் பாத்துக் கத்தியிருந்தா புள்ளைக்குக் கேட்டிருக்கும். ஊட்ல யாராண்டயும் சொல்லல. எங்க நைனாவாண்ட கூடச் சொல்லல. உன் மூஞ்சியப் பாக்கவே பயம். அன்னிக்கு வாழைப்பழம் வாங்கிக்கினு வந்தது, இதைச் சொல்லத்தான். நீ இல்ல. தங்கச்சியாண்ட சொல்ல வாய் வரல. டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன்."

அவனும் தூங்கியிருக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில், வேலை விட்டுப் போகிற கூட்டத்துக்கு நடுவில், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். எஸ்தர் போய் அந்தச் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள்.

சனிக்கிழமை அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ எம்மேல தப்பு இல்லைங்களா?" என்று கேட்டேன்.

"தீர்ப்புச் சொல்றது என் வேலை இல்ல சாலமன்" என்றார். "ஆனா நடக்காததை நடந்ததா நெனச்சு இனிமே உங்களை அடிச்சுக்க வேணாம். நடந்ததே போதும், அழறதுக்கு."

அன்றைக்குத்தான் நான் ராஜுவுக்காக அழுதேன். அதற்கு முன்னால் அழுததெல்லாம் எனக்காக.

குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டேன். நடுவில் நானாக நிறுத்தி, மறுபடி விழுந்து, மறுபடி தொடங்கினேன். வேலைக்குத் திரும்பியபோது என்னை மோட்டார் பழுது பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். முனிரத்தினமும் நானும் கேட்டுக் கேட்டு, ஸ்விட்ச் போடும் முன் அடிக்க ஒரு பெரிய மணி வைக்க வைத்தோம். பேட்டரியில் ஓடுகிற மணி. மழையிலும் கேட்கும்.

அம்மா

அம்மாவைப் பற்றி இதுவரை ஒழுங்காகச் சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இல்லாத மாதிரி அவள் நடந்துகொண்டாள்.

கைப்பிடியைத் தூக்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். ராஜுவைக் கொண்டுவந்து கிடத்திய அன்று நானே அவள் காலில் விழுந்து சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அடுப்பு மூட்டினாள். வீடு கூட்டினாள், நெல் புடைத்தாள், எனக்குச் சோறு போட்டாள். தட்டை வைப்பாள், என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வாள். அப்பா இறந்தபோதும் இப்படித்தானே இருந்தாள், அவள் சுபாவம் அது என்று நானும் எஸ்தரும் நினைத்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் பட்டணம் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா குளித்து, தலை வாரி, வெள்ளைச் சேலை கட்டி வாசலில் நின்றாள்.

"நானும் வர்றேன்."

"எதுக்கும்மா?"

"அந்த அம்மாவைப் பாக்கணும்."

எஸ்தர் உள்ளே போய்த் தன் செருப்பைக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் போட்டாள்.

வண்டியில் அம்மா சன்னலோரம் உட்கார்ந்தாள். மீஞ்சூர் தாண்டும் வரை வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"உன்னாண்ட சொல்ல முடியாதது ஒண்ணு கீது சாலு. கர்த்தராண்ட சொல்லிப் பாத்தேன். தெனைக்கும் சொன்னேன். அவரு திருப்பி ஒண்ணும் கேக்க மாட்றாரு. அந்த அம்மா கேப்பாங்கன்னு சொன்னியே."

அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. மிச்சமிருக்கிற பிள்ளையைப் பார்த்து, இவன் போயிருக்கக்கூடாதா என்று எந்தத் தாயும் நினைக்கக்கூடாது, அவள் நினைத்திருக்கிறாள். நினைத்ததைச் சுமந்துகொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. "சொல்லும்மா, அவுங்க கேப்பாங்க" என்றேன்.

அவள் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. ராஜுவின் அடக்கத்தில் வராத ஒப்பாரி. அப்பாவின் சாவிலும் வராதது. வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆயா பதறிக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். "உடும்மா. எங்கம்மாதான். அழுவட்டும்" என்று தடுத்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே என்ன சொன்னாள் என்று அவளும் கடைசி வரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஆறேழு சனிக்கிழமை அவளும் வந்தாள்.

கதவு திறந்தது. அந்த அம்மா பின்னால் நின்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண் வீங்கியிருந்தது. என் முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, கண், கன்னம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இன்னாடா சாலு" என்றாள். "இம்மாம் எளைச்சுப் போய்க் கீற?"

ஒன்பது மாதமாகத் தினமும் எனக்குச் சோறு போட்டவள் கேட்டாள்.